அஞ்சாவது ஆள்

விருதுநகரில் பஸ் ஏறி ஆமத்தூரைத் தாண்டினால் போதும், கரிசல் காட்டுக்கு நடுவே அந்த அறைகள் தென்பட ஆரம்பித்துவிடும். வெள்ளையடித்த சின்னச் சின்ன அறைகள். ஒன்றோடொன்று ஒட்டாமல், வேம்புக்கும் வேலிக்கருவைக்கும் இடையே தள்ளித் தள்ளி நிற்கும். யாரோ மனை போட்டு வீடு கட்டி, குடிவராமல் விட்டுப்போன ஊர் மாதிரி இருக்கும். ஆவணி பிறந்தும் ஆடிக் காற்று ஓயவில்லை. பஸ் ஜன்னலை மூடினால் வேக்காடு, திறந்தால் கண்ணில் மண்.

"இங்க காசு போட்டிருக்கிறது கட்டடத்துல இல்ல தம்பி, இடைவெளியில" என்றார் பக்கத்தில் இருந்த அண்ணாச்சி.

அண்ணாச்சி தூத்துக்குடிக்காரர். தொழிற்சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நூற்பாலை, உப்பு, ரசாயனம் என்று ஒன்று விடாமல் பார்த்த மனிதர். எங்கே போனாலும் உள்ளே நுழைந்ததும் வெளியே போக இன்னொரு வழி எங்கே என்று தேடுவார். கல்யாண மண்டபத்தில் பின்கதவைத் தேடிப் போய்ப் பந்தியைக் கோட்டை விட்டவர் என்று அவர் வீட்டில் சொல்லிச் சிரிப்பார்கள். சிவகாசியை அவரோடு போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. வெடி விபத்துச் செய்திகளை வருஷம் தவறாமல் படித்துப் படித்து, அந்த ஊரைப் பற்றி எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான் இருந்தது: மருந்து ஆபத்தானது, அதனால் விபத்து நடக்கிறது. அண்ணாச்சிக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. "மருந்து ஆபத்துன்னு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்ச ஆபத்துக்கு ஏன் ஆள் சாகுறான்? அதைப் பாப்போம்."

இடைவெளிக்கு வருகிறேன். வெடித்தால் கிளம்பும் அதிர்வலைக்கு ஒரு கணக்கு உண்டு. மருந்தின் எடையை எட்டு மடங்காக்கினால், அதே பலமுள்ள அடி இரண்டு மடங்கு தூரம் வரை போய் விழும். கனமூலக் கணக்கு. ஆகவே ஓர் அறையில் எவ்வளவு மருந்து இருக்கலாம் என்பதும், அடுத்த அறை எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதும் ஒரே முடிச்சின் இரு நுனிகள். எடை கூடினால் தூரம் கூட வேண்டும். தூரம் சுவரும் நிலமுமாக நின்றுவிட்ட பிறகு கூட முடியாது. அப்புறம் எடையைக் கூட்டினால், கட்டிய நாளில் போட்ட கணக்கு அன்றே செத்துப்போகிறது.

சிவகாசியில் இறங்கி ஒரு லாட்ஜில் பையை வைத்தோம். மூன்று மாடிக்கும் ஒரே படிக்கட்டு. படிக்கட்டுக்கு அடியில் ஜெனரேட்டர், அதன் அருகே இரண்டு டீசல் கேன், மேலே மீட்டர் பெட்டி. அண்ணாச்சி முதல் மாடிக்கு மேல் அறை வேண்டாம் என்றார். கல்லாவில் இருந்தவர் சிரித்தார். "இருவது வருசமா இப்படித்தான் சார் இருக்கு. ஒண்ணும் ஆகல." இந்தப் பதிலை நான் எத்தனை அலுவலகங்களில், எத்தனை கடைகளில் கேட்டிருக்கிறேன்! ஒன்றும் ஆகாத இருபது வருஷமும் அவர் கண்ணில் பாதுகாப்புச் சான்றிதழ். தீ விஷயத்தில் நேற்று வரை ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு நாளையைப் பற்றிச் சொல்ல எதுவும் கிடையாது.

ஊரின் கதை தமிழ்நாட்டில் பலருக்கும் தெரிந்ததுதான். மழை பொய்த்த வானம் பார்த்த பூமி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்து இங்கே தொடங்கினார்கள். தீப்பெட்டியைத் தொட்டுப் பட்டாசு வந்தது, பெட்டிக்கு ஒட்டும் லேபிளைத் தொட்டு அச்சுத்தொழில் வந்தது. நேரு 'குட்டி ஜப்பான்' என்றார் என்பது ஊரார் பெருமையோடு சொல்லும் செய்தி. விவசாயத்துக்கு ஆகாத வறண்ட காற்று, குச்சியும் வெடியும் காய்வதற்கு வரமாயிற்று. அந்த வரத்துக்கு ஒரு மறுபக்கம் இருப்பதை மறுநாள் ஆலைக்குள் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அண்ணாச்சிக்குத் தெரிந்த ஓர் உரிமையாளர் மூலம் அனுமதி கிடைத்தது. காலையிலேயே வரச் சொன்னார்கள். வாசலில் செல்போனை வாங்கிப் பெட்டியில் போட்டார்கள். தீப்பெட்டி, லைட்டர், பீடி ஏதாவது உண்டா என்று சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார்கள். என் சட்டை பாலியெஸ்டர் கலந்தது. போர்மேன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு பருத்திச் சட்டையை எடுத்துக் கொடுத்தார். காலர் என் கழுத்துக்கு ஒரு சுற்று அதிகம். செருப்பையும் கழற்றச் சொன்னார்.

போர்மேனுக்கு ஐம்பது வயது இருக்கும். நிதானமாகப் பேசுபவர். ஒவ்வோர் அறைச் சுவரிலும் பெயிண்டால் எழுதியிருப்பதை வாசித்துக் காட்டியபடியே நடந்தார். அறை எண், என்ன வேலை, எத்தனை ஆள், எவ்வளவு மருந்து. நான்கே வரி. தீ அபாய மதிப்பீடு என்று கம்பெனிகளில் தடித்த ஃபைலில் போட்டுப் பீரோவில் வைத்திருப்பார்களே, அதை இங்கே வேலை செய்கிறவரின் தலைக்கு நேரே சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். 1884ஆம் வருஷத்து வெடிபொருள் சட்டமும் அதன் கீழ் வந்த 2008 விதிகளும் சொல்வதன் சாரம் அந்த நான்கு வரி. சின்ன ஆலைக்கு மாவட்ட வருவாய் அலுவலர் உரிமம் தருவார். அதற்கு மேல் போனால் சென்னை உரிமம், பெரிதென்றால் நாக்பூர் உரிமம். மத்திய அரசின் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் தலைமையகம் நாக்பூரில் இருப்பதால் அந்தப் பெயர். "அவுக நாக்பூரு, நாங்க சென்னை" என்று போர்மேன் பக்கத்து ஆலையைக் காட்டிச் சொன்னபோது ஏதோ சம்பந்தி ஊர் சொல்வதுபோலத்தான் இருந்தது.

மருந்துக் கலவை அறை எல்லாவற்றுக்கும் தள்ளி, தனியாக இருந்தது. எதிரெதிராக இரண்டு கதவு, இரண்டும் வெளிப்பக்கம் திறப்பவை, இரண்டுமே திறந்து கிடந்தன. வாசலில் ஒரு செப்புத் தகடு, அதிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் கம்பி. உள்ளே போகிறவர் அதைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் ஏறியிருக்கும் நிலைமின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். நான் தகட்டைத் தொட்டுவிட்டுப் படியில் கால் வைத்தேன். போர்மேன் கையைக் குறுக்கே நீட்டினார்.

"இங்கிட்டே நின்னு பாருங்க சார். உள்ள ஆள் கணக்குச் சரியா இருக்கு."

அங்கே மட்டுமல்ல, திரி செருகும் அறையிலும் அப்படித்தான். சுவரில் 'ஆட்கள் 4' என்று இருந்தது, உள்ளே நான்கு பெண்கள் இருந்தார்கள். "நீங்க போனா அஞ்சாவது ஆள்" என்றார். பார்வையாளன்தானே, ஒரு நிமிஷம்தானே என்றெல்லாம் மனசுக்குள் தோன்றியது. தோன்றியதை அண்ணாச்சி என் முகத்தில் படித்திருக்க வேண்டும். "அவரு சொல்றதுதான் தம்பி மொத்தப் பாடமும்" என்றார். நாலு பேர் வரம்பு வைத்ததால் தீப்பிடிக்காமல் இருக்கப் போவதில்லை. பிடித்தால் நான்கு பேர், இரண்டு கதவு. ஒருவர் மேல் ஒருவர் விழாமல் வெளியே பாயலாம். அதற்கு மேல் ஆள் இருந்தால் வாசலில் நெரிசல்.

வெளியே நின்றபடியே கலவை அறைக்குள் பார்த்தேன். இரண்டு பேர். இடுப்பில் பருத்தித் துண்டு, தலையில் ஒரு கட்டு. முகம், கை, மார்பு, இமை முடி வரைக்கும் வெள்ளி. அலுமினியப் பொடி அப்படி அப்பியிருந்தது. கண்ணும் பல்லும் மட்டும் மனிதர் நிறத்தில் இருந்தன. ஒருவர் குத்தவைத்து உட்கார்ந்து சல்லடையை இரண்டு கையாலும் மெதுவாக ஆட்டினார். கீழே விரித்த தாளில் சாம்பல் நிறப் பொடி, சத்தமே இல்லாமல் குவிந்தது. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி. மூன்றும் தனித்தனியாக இருக்கும் வரை சாதுவான சரக்குகள். கலந்த அந்த நிமிஷத்திலிருந்துதான் கணக்கு வேறு. இரும்புச் சாமான் ஒன்றும் அங்கே இல்லை. மரம், பித்தளை, கை. ஒரு கல் மணலோ ஆணித்துண்டோ சல்லடையில் மாட்டி உரசினாலும் வினைதான் என்பதால் பொடிகளை முதலிலேயே தனித்தனியாகச் சலித்து வைத்துவிடுகிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் படித்த தீ முக்கோணத்தை நினைவுபடுத்திக்கொள்ளலாம். எரிபொருள், வெப்பம், பிராணவாயு. சாதாரணத் தீயில் மூன்றில் ஒன்றைப் பிடுங்கினால் அணைந்துவிடும். மணலைக் கொட்டிக் காற்றை அடைக்கலாம், கார்பன் டை ஆக்சைடு அடிக்கலாம். பட்டாசு மருந்தில் பிராணவாயு வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. வெடியுப்புக்குள்ளேயே இருக்கிறது. மூடி அமுக்கினாலும் எரியும், அமுக்க அமுக்க வெடிக்கும். ஆகவே பிடித்த பிறகு அணைக்கலாம் என்கிற எண்ணத்துக்கே இங்கே இடமில்லை. வாளியில் மணலும் தண்ணீரும் இருந்தன. அவை காய்ந்த புல்லுக்கும் தாளுக்கும்தான். மருந்து பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று அண்ணாச்சி கேட்டார். தெரியாமல் கேட்கவில்லை, போர்மேன் என்ன சொல்கிறார் என்று பார்க்க. "ஓடணும் சார்" என்றார் அவர். "நின்னு பாக்கக் கூடாது. சாமானை எடுக்கப் போகக் கூடாது. ஓடணும்."

வறண்ட காற்று வரம் என்றேனே. அந்த வறட்சியில்தான் நிலைமின்சாரம் உடம்பிலும் துணியிலும் தங்கும். ஈரக்காற்றில் அது தானாகவே கசிந்து போய்விடும். சரி, மழைக்காலம் நல்லதாக இருக்குமே என்றால் அதுவும் இல்லை. அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் ஏறினால் உள்ளுக்குள்ளே வினை நடந்து சூடு கிளம்பும். யாரும் தொடாமல், பொறி எதுவும் விழாமல், குவியல் தானே சூடேறித் தானே பிடித்துக்கொள்ளும். அதனால்தான் அன்றன்று கலந்த மருந்தை அன்றன்றே தீர்க்க வேண்டும் என்பது இங்கே வேதவாக்கு. மிச்சத்தை மூடி வைத்து நாளைக்குப் பார்ப்போம் என்று போனால், ராத்திரியில் அந்த அறையில் ஆள் இல்லாத நேரத்திலேயே சூடு ஏறிக்கொண்டிருக்கும். விடிந்து வந்து கதவைத் திறந்து கை வைக்கிறவர் தலையில் வந்து விழும். கந்தகத்தையும் பொட்டாசியம் குளோரேட்டையும் கலப்பது நாடு முழுக்கவே தடை. உராய்ந்தாலே பிடிக்கும் சேர்க்கை அது. தீக்குச்சித் தலைக்கு விலக்கு உண்டு. அங்கே அது பசையில் நனைந்து கிடக்கிறது.

பசுமைப் பட்டாசு வந்துவிட்டதே, இனி ஆபத்து குறைந்துவிடாதா என்று சென்னையில் ஒரு நண்பர் கேட்டிருந்தார். உச்ச நீதிமன்றம் 2018இல் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை போட்டது. நீரி ஆய்வகம் புதுக் கலவைகளைக் கொடுத்தது. எல்லாம் வெடிக்கிற இடத்தில் புகையையும் தூசியையும் குறைப்பதற்கு. செய்கிற இடத்தில் சல்லடையை ஆட்டுகிறவருக்கு அதனால் பயம் ஒன்றும் குறையவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பெண்கள் வேப்பமரத்தடிக்கு வந்தார்கள். புடவைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு. சுண்டு விரல் வரைக்கும் சாம்பல் நிறம் ஏறிய கைகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள். தூக்குவாளியைத் திறந்ததும் புளிக்குழம்பு வாசனை. திரி செருகும் அக்கா ஒருவரிடம் சம்பளம் எப்படி என்று கேட்டேன்.

"குரோஸ் கணக்கு சார். எம்புட்டு ஓட்டுறமோ அம்புட்டு."

"நாள் கூலி இல்லையாக்கா?"

"நாள் கூலின்னா நாங்க ஏன் இப்படிப் பறக்கப் போறோம்? தீவாளி முடிஞ்சதும் அட்வான்ஸ் வாங்கிருவோம். அதைக் கழிக்கணும்ல. பிள்ளைக்கு காலேஜு ஃபீசு."

"வேகமா செஞ்சா பயமில்லையா?"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மருந்த வேகமாத் தொட மாட்டோம் சார். ஆனா ஒரு தட்டு முடிஞ்சதும் எந்திரிச்சுப் போயி இன்னொரு தட்டு எடுத்தாரணும்ல? அதுக்குப் பதிலா ரெண்டு தட்டு பக்கத்துலயே வச்சுக்கிட்டா நடை மிச்சம். அங்கதான் போர்மேன் அண்ணன் கத்துவாக."

இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. ஆள், எடை, தூரம், நேரம் என்ற நான்கையும் சட்டம் ஒரு பக்கம் கட்டிப்போடுகிறது. குரோஸ் கணக்குக் கூலி அந்த நான்கையும் மறுபக்கம் இழுக்கிறது. நடையை மிச்சப்படுத்த ஒரு தட்டு கூடுதலாக வருகிறது. தட்டு கூடியதால் செய்ய ஒரு கை கூடுதலாக வருகிறது, அக்கா தங்கச்சியாகவே இருக்கலாம். மருந்து மிச்சமானால் சாயங்காலம் கொட்ட மனசு வராது. எந்தப் பாவத்தையும் யாரும் துணிந்து செய்வதில்லை. அவரவர் வயிற்றுக்காக ஒரு பிடி கூட்டிக்கொள்வதுதான். தீபாவளிக்கு முந்திய மாதங்களில் ஆர்டர் நெருக்கும்போது அது எல்லா அறையிலும் ஒரே சமயத்தில் நடக்கிறது. தொழிலாளியின் அலட்சியம் என்று விபத்துச் செய்தியின் கடைசி வரியில் எழுதி முடித்துவிடுகிறோம். கூலியை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று கேட்டு எழுதிய செய்தியை நான் அதிகம் பார்த்ததில்லை. தீ அபாயத்தை மதிப்பிடப் போகிறவர் பார்க்க வேண்டிய முதல் நோட்டு சம்பள நோட்டு என்பது இப்போது என் கட்சி.

திரும்பும்போது வாடகைக் காரில் வேறொரு பாதையாக வந்தோம். ரோட்டோரமாகவே ஒரு ஆலை. கம்பி வேலிக்கு அப்பால் அறைகள் இருந்தன. அவற்றுக்கு வெளியே, புளியமர நிழலில், பாய் விரித்து பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். அண்ணாச்சி காரை நிறுத்தச் சொல்லவில்லை. ஓட்டுநர் தானாகவே, "உள்குத்தகை சார்" என்றார். உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகளைப் பிரித்து நாலைந்து பேருக்கு விட்டிருப்பார்கள். ஒவ்வொருவரும் போட்ட பணத்தை எடுக்க வேண்டும். அறை போதாது, மரத்தடிக்கு வருவார்கள். சுவரில் எழுதிய நான்கு வரி சுவர் இருக்கிற இடத்தில்தானே செல்லும்? சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரியில் 20 பேருக்கு மேல் இறந்தபோது இந்த உள்குத்தகை விவகாரம் ஊரெல்லாம் பேசப்பட்டது. பேசி அடங்கியும் விட்டது.

முதலிப்பட்டியைப் பற்றி ஓட்டுநர்தான் பேச்செடுத்தார். 2012 செப்டம்பர் 5. விதிமீறலுக்காக உரிமம் நிறுத்திவைக்கப்பட்டிருந்த ஓர் ஆலையில் அன்று வேலை நடந்திருக்கிறது. மத்தியானம் ஓர் அறையில் பிடித்தது. புகையைப் பார்த்து அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் ஓடினார்கள். சிலர் காப்பாற்ற, சிலர் சொந்தக்காரர் உள்ளே இருக்கிறாரா என்று பார்க்க, சிலர் வேடிக்கைக்கு. அதற்குப் பிறகு, சரக்கு குவிந்திருந்த இடம் வெடித்தது. ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே இல்லை. சுவரில் எந்த வரியிலும் கணக்கில் வராத ஆட்கள். "எங்க மாமா மகன் அந்தப் பக்கம் வண்டியில போனவன். இறங்கி ஓடுனான்" என்றார் ஓட்டுநர். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

தீ என்றதும் ஓடிப்போய் உதவுவது நம் ஊர்ப் பிறவிக் குணம். நல்ல குணம். பட்டாசு ஆலையைச் சுற்றியிருக்கும் ஊருக்கு மட்டும் அந்தக் குணத்தை அடக்கப் பழக்கியிருக்க வேண்டும். உள்ளே இருப்பவருக்கு 'ஓடு' என்று சொல்லிக் கொடுத்த மாதிரி, வெளியே இருப்பவருக்கு 'வராதே' என்று. 2023 அக்டோபரில் ரெங்கபாளையத்தில் நடந்ததும் வேறு விதத்தில் இதே கதை. விற்பனைக்கு மாதிரி வெடித்துக் காட்டிய இடத்தில் பறந்த பொறி, சரக்கு இருந்த பக்கம் விழுந்தது. பத்துப் பேருக்கு மேல் பலி, பெரும்பாலும் பெண்கள். கலவை அறைக்குச் செப்புத் தகடும் பருத்திச் சட்டையும் வைத்துக் காக்கிற ஊரில், கிப்ட் பாக்ஸ் அடுக்குகிற இடத்தை ஆபத்தில்லாத இடமாக மனசு ஒதுக்கிவிடுகிறது. அதற்கும் முன்னால், 1991 ஜூலையில் மீனம்பட்டியில் 39 பேர். குழந்தைகளும் இருந்தார்கள். குழந்தைத் தொழிலாளர் பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புக்குப் பின்னால் அந்தச் சாவுகள் நிற்கின்றன. இன்றைக்கு நாங்கள் பார்த்த அறைகளில் குழந்தைகள் இல்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் காலையில் ஊருக்குள் சுற்றினோம். தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் எட்டிப் பார்த்தோம். எல்லாம் மிஷின் மயம், சத்தம்தான் அதிகம். அண்ணாச்சி அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. அவருக்குப் பழக்கமான ஓர் அச்சக உரிமையாளரைப் பார்க்கப் போனோம். அங்கேதான் அவர் முகம் மாறியது.

ஆடிப்பெருக்குக்கு காலண்டர் ஆல்பம் வெளியிட்டு, ஆர்டர் பிடித்து, அச்சு ஓடத் தொடங்கிய நேரம். ஆப்செட் மிஷின்கள் ராப்பகலாக ஓடுகின்றன. உள்ளே நுழைந்தால் நடைவழி என்று ஒன்று இருந்ததற்கான அடையாளம்தான் இருந்தது. இரண்டு பக்கமும் தாள் ரீம்கள் தோள் உயரத்துக்கு. மூலையில் மை துடைத்த கழிவுப் பஞ்சு ஒரு குவியலாக. பக்கத்தில் உருளை கழுவும் கரைப்பான் டப்பா, மூடி இல்லாமல். ஸ்விட்ச் போர்டிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன், அதிலிருந்து இன்னொரு எக்ஸ்டென்ஷன், அதில் ஒரு டேபிள் ஃபேன். தீயணைப்பான் ஒன்று இருந்தது. அதன் மேல் யாரோ தொப்பியைக் கழற்றி மாட்டியிருந்தார்கள்.

"நேத்து அவ்வளவு மருந்துக்குப் பக்கத்துல நின்னேன், பயப்படல" என்றார் அண்ணாச்சி என் காதோடு. "இங்க பயமா இருக்கு."

அவர் பஞ்சுக் குவியலுக்குள் கையை விட்டார். பிறகு உரிமையாளரைக் கூப்பிட்டு அவர் கையையும் விடச் சொன்னார். உள்ளே வெதுவெதுப்பு. ஆளி விதை எண்ணெய் சேர்ந்த மை, காற்றுப் பட்டுக் காயும்போது சூட்டை வெளிவிடும். விரித்துப் போட்ட துணியில் அந்தச் சூடு பறந்துவிடும். குவித்து வைத்தால் நடுவில் தங்கி ஏறும். எண்ணெய்ப் பஞ்சு தானாகப் பிடிக்கும் என்பதை நூற்பாலைகளில் தான் பார்த்திருப்பதாகச் சொன்னார். மூடியுள்ள இரும்புத் தொட்டி ஒன்று, சாயங்காலம் தவறாமல் வெளியே கொண்டுபோய்க் கொட்ட ஓர் ஆள். செலவு ஒன்றும் பெரிதில்லை.

"நம்ம ஊர்ல வெடி ஆபீசுக்குத்தான் சார் ரூலு. பிரஸ்ஸுக்கு யாரு வரப் போறா?" என்றார் உரிமையாளர், கொஞ்சம் சங்கடத்தோடு.

"யாரு வரணும்? தீ வந்தா போதாதா?" என்றார் அண்ணாச்சி. "அந்தப் பின்கதவத் திறங்க, பாப்போம்."

பின்கதவு இருந்தது. அதன் முன்னால் ஆள் உயரத்துக்கு அட்டைக் கட்டுகள் இருந்தன. இரண்டு பையன்கள் கட்டுகளை நகர்த்தினார்கள். பிறகு பார்த்தால் பூட்டு. சாவி எங்கே என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டார்கள். உரிமையாளர் வீட்டில் இருக்கிறது என்று முடிவானது. மகனுக்குப் போன் போட்டார். டீ சொன்னார்கள். டீ வந்தது, குடித்தோம், கிளாஸை எடுத்துப் போனார்கள். சாவி வரவில்லை. அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் கைக்கடிகாரத்தையும் உரிமையாளரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை தாங்காமல் உரிமையாளர் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். கடைசியில் மகன் பைக்கில் வந்து சாவியைக் கொடுத்தான். பூட்டுக்கு எண்ணெய் விட்டு, தட்டி, திறந்தால், கதவு உள்பக்கம் திறக்கிற கதவு. அரையடி வந்து, நகர்த்தி வைத்த அட்டைக் கட்டுகளில் இடித்து நின்றுவிட்டது.

உரிமையாளர் ரொம்ப நேரம் அந்தக் கதவையே பார்த்தார். பிறகு பூட்டைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எதிர்க்கடை வெல்டரைக் கூப்பிட்டு வரச் சொன்னார். வெல்டர் வந்து கீலைத் தட்டிப் பார்த்தார், நிலையைத் தடவிப் பார்த்தார்.

"வெளிப்பக்கம் திருப்பி மாட்டணும்னா நிலையப் பேத்துத்தான் சார் மாட்டணும். அஞ்சாயிரம் ஆகும்."

"அநியாயத்துக்குச் சொல்லாதப்பா. பழைய கதவுதானே."

"கதவு பழசு, வேலை புதுசுல்ல?"

"ரெண்டாயிரத்தைந்நூறு."

"அண்ணாச்சி சார் நீங்களே சொல்லுங்க" என்று வெல்டர் எங்கள் பக்கம் திரும்பினார். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பேரத்தில் இறங்கினார். வெல்டிங் வேலை ஆரம்பிக்கும் முன்னால் அட்டைக் கட்டுகளையும் கரைப்பான் டப்பாவையும் எடுத்து வெளியே வைக்க வேண்டும், பக்கத்தில் ஓர் ஆள் வாளித் தண்ணீரோடு நிற்க வேண்டும், முடித்த பிறகும் அரை மணி நேரம் அங்கேயே இருந்து பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பதையும் பேரத்தோடு சேர்த்தார். மூவாயிரத்து ஐந்நூறுக்கு முடிந்தது. தண்ணீர் வாளியோடு நிற்கிற ஆளுக்குக் கூலி யார் கொடுப்பது என்பதில் மட்டும், நாங்கள் பஸ்ஸுக்குக் கிளம்புகிற வரை, இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.